கழிவு வெட்டாத தராசு

2017 ஓகஸ்ட் 19, சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கண்டி கட்டுக்கலையில், ஒரு தளபாடக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், ஜாவா செய்முறைப் பரீட்சை. சின்னமுத்து சந்திரிகாவுக்கு அது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை என்று ஒன்று அந்தக் கணினிக் கல்லூரியில் கிடையாது. இரண்டு முறை தவறியவர்களின் பெயரை டிப்ளோமாவிலிருந்து எடுத்துவிடுவார்கள். வருடம் முழுவதும் படித்துச் சித்தியடைந்த மற்றப் பாடங்களும் அதோடு போய்விடும்.

சந்திரிகாவுக்கு வயது இருபத்திரண்டு. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு. அம்மா பாப்பம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அவள் படித்த பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். புவியியல், இந்து நாகரிகம், தமிழ். கண்டியில் கணினி படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது லயத்தில் எல்லோரும் அதை டைப்பிங் என்று எடுத்துக்கொண்டார்கள். “டைப்பிங் முடிஞ்சா பேங்குல கூப்புடுவாங்களாம்” என்று பாப்பம்மா மலையெல்லாம் சொல்லித் திரிந்தார். சந்திரிகா திருத்தவில்லை. புரோகிராம் எழுதுவது என்றால் என்னவென்று அவளுக்கே அப்போது சரியாகத் தெரியாது.

வகுப்பில் சேர்ந்து மூன்றாம் மாதமளவில் அது பிடிபட்டது. பிடிபட்ட பிறகு விட முடியவில்லை. பஸ்ஸில் தலாத்துஓயா தாண்டும்வரை நின்றுகொண்டே வருவாள். யார் எந்த இடத்தில் இறங்குகிறார்கள், காலியான இருக்கைக்கு யார் போகிறார்கள், இதை எப்படி எழுதுவது என்று யோசிப்பாள். கொப்பியில் அவள் எழுதிய புரோகிராம்களில் விரிவுரையாளர்களுக்குக் குறை சொல்ல இடமிருக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் அவள்தான் வகுப்பில் இரண்டாவது.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். மே மாதம் நடந்த முதல் செய்முறைப் பரீட்சையில் எங்கோ ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள் வந்து விழுந்தன. அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். மறுபடி சிவப்பு. மறுபடி அழித்தாள். மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை. சொந்தப் பிழையோடு தனியாக இருந்து பழக அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. கல்லூரிக் கூடத்தில் பின்னால் இன்னொருவர் முறைக்காக நிற்பார். பிழை வந்தால் வெட்கத்தில் அழித்துவிட்டு எழும்பிவிடுவாள். அந்தப் பழக்கமே பரீட்சையிலும் கூட வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவள் அவளுடைய வகுப்புத் தோழி றிஸானா. கெலிஓயாவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீதின் மகள். முதல் தடவையிலேயே சித்தியடைந்தவள், அதைப் பற்றி அடக்கமாக இருக்கத் தெரியாதவள்.

“ரெட் கலர்ல ஒண்டு வந்தா நீ பேயக் கண்ட மாதிரி ஆகுற. அது பேய் இல்ல, கொம்ப்ளெயின்ட். எத்தினையாவது வரி எண்டும் சொல்லிட்டுத்தானே கத்துது?”

“ஒனக்கென்னாடி, வீட்டுலயே மிசின் இருக்கு. கத்துனா கதவச் சாத்திக்குவ.”

“அப்ப வந்து ஒரு கிழம எங்கட வீட்டுல நில்லு. கதவு நான் சாத்துறன்.”

அப்படித்தான் பரீட்சைக்கு முந்திய வாரம் சந்திரிகா கெலிஓயாவில், கடைக்கு மேல் வீட்டில் தங்கினாள். றிஸானாவின் லெப்டொப் பழையது. ஒரு பக்கத்து ஷிப்ட் விசை வேலை செய்யாது. றிஸானாவின் பாடத்திட்டம் எளிமையானது. அவள் நல்ல புரோகிராம் ஒன்றை எடுத்து, ஒளித்து ஒரு இடத்தில் கெடுத்துவைப்பாள். சந்திரிகா அதைக் கண்டுபிடித்து அந்த ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். மற்ற எதையும் தொட்டால் தோல்வி.

“கைய எடு! எங்க போகுது கை? டிலீட் பக்கம் போகுது!”

“பாத்துகிட்டுதான்டி இருக்கேன்.”

“கண்ணால பாரு. கையால பாக்காத.”

கீழே கடையில் அலுமினியப் பானைகள் மோதும் சத்தம், கம்பளை பஸ்காரர்களின் கூச்சல், இடையில் றிஸானாவின் உம்மா மஸீனா படியேறி வந்து வட்டிலப்பத்தை மேசையில் வைக்கும் சத்தம். “படிக்கிற புள்ளைக்கி இனிப்பு வேணும். அவள் சொல்றத எல்லாம் கேக்காதீங்க மகள், அவளுக்கு வாய் மட்டும்தான்” என்பார். மூன்று நாளில் சந்திரிகாவின் கை அடங்கியது. சிவப்பு வந்தால் கண் முதலில் வரி இலக்கத்தைத் தேடியது. நான்காம் நாள் றிஸானா இரண்டு இடத்தில் கெடுத்து வைத்தாள். ஐந்தாம் நாள் எதையுமே கெடுக்காமல் கொடுத்துவிட்டு, சந்திரிகா இல்லாத பிழையைத் தேடி வியர்ப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பழைய கேள்வித்தாள்களையும் செய்து பார்த்தார்கள். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குவது, வங்கிக் கணக்கு, வாகனத் தரிப்பிடம், திரையரங்கு நுழைவுச்சீட்டு. சந்திரிகாவுக்கு ஒவ்வொன்றிலும் முதலில் அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று புரிய வேண்டியிருந்தது.

“புத்தகத்தப் பிந்திக் குடுத்தா தண்டம் போடுவாங்களா? எதுக்கு? படிச்சு முடிக்கலன்னா?”

“அது உனக்குத் தேவையில்ல. கேள்வி தண்டம் போடச் சொல்லுது, போடு.”

“தரிப்பிடத்துல முதல் அரை மணித்தியாலம் சும்மாவா?”

“சும்மா எண்டு எழுதி இருந்தா சும்மா.”

சந்திரிகா அறியாத இடங்கள் என்பதால் எழுதியதை எழுதியபடி செய்தாள். ஒன்றிலும் தவறவில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் பேராதனை வழியாக வந்து இறங்கினார்கள். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு முன்னால் சந்திரிகா செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றாள். றிஸானா வீதியோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்று, “எனக்கும் சேத்து ஒண்டு கேளு, மத்தியானம் பசிக்காம” என்றாள். மாடிப்படியில் அவளை விட்டுவிட்டுக் கீழே தேநீர்க் கடைக்குப் போனாள்.

கூடத்தில் இருபத்தைந்து கணினிகள். மேற்பார்வைக்கு முஹ்ஸின் என்ற விரிவுரையாளர். நேரம் இரண்டு மணித்தியாலம், கேள்வி இரண்டு. சித்திக்கு நாற்பது புள்ளி. முதற் கேள்விக்கே எழுபது என்பதால் அது விழுந்தால் எல்லாம் விழும். திருத்துவதும் ஆளில்லை, இன்னொரு புரோகிராம். அது மாணவரின் புரோகிராமுக்கு ஐந்து விதமான தரவுகளைக் கொடுக்கும். வரும் விடை எதிர்பார்த்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் புள்ளி, இல்லாவிட்டால் பூச்சியம். முயற்சிக்கு என்று எதுவும் இல்லை.

தாளைத் திருப்பினாள். முதற் கேள்வி ஆங்கிலத்தில் இப்படித் தொடங்கியது: ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் பறிக்கும் கொழுந்து நாளொன்றுக்கு மூன்று தடவை நிறுக்கப்படுகிறது.

பிறகு இதை என்னிடம் சொல்லும்போது, அந்த இடத்தில் தனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றாள் சந்திரிகா. நூலகமும் இல்லை, வங்கியும் இல்லை. இது அவளுடைய கேள்வி. ஒவ்வொருவரின் பெயரையும் மூன்று நிறுவையையும் வாங்கி, கூட்டி, பதினெட்டுக் கிலோவோ அதற்கு மேலோ என்றால் முழு நாள், குறைந்தால் அரை நாள் என்று அச்சிட வேண்டும். தோட்டத்தில் முழுப்பேர், அரைப்பேர் என்பார்கள். அரைப்பேர் போட்டால் அன்றைய சம்பளம் பாதி. அரைப்பேர் விழுந்த நாள்களில் பாப்பம்மா வீட்டுக்குள் எப்படி நுழைவார் என்பது அவளுக்குத் தெரியும். கேள்வியை ஒருமுறை வாசித்தாள். போதும் என்று தோன்றியது. விசைப்பலகை மேல் கை வைத்தாள்.

பெயரை வாங்கு. மூன்று நிறுவைக்கும் ஒரு லூப். உள்ளே, எடையை வாங்கு. அடுத்த வரியை அவள் யோசிக்கவே இல்லை. எடையில் ஒன்றைக் கழி. அதற்கடுத்த வரி, கூட்டு.

அவளுடைய தோட்டத்தில் கொழுந்து நிறுத்தால் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ வெட்டித்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் கழிவு. வெயில் நாளிலும் ஈரம் உண்டு. சாக்கு எத்தனை கிராம் என்று யாரும் தனியாக நிறுத்துப் பார்த்ததில்லை. பாப்பம்மா மாலையில் எப்போதும் இரண்டு கணக்குச் சொல்வார். “முள்ளு காட்டுனது இருபத்தொண்ணு, எழுதுனது பதினெட்டு.” அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கொழுந்தின் எடை என்றாலே காட்டுவது ஒன்று, எழுதுவது ஒன்று. கூட்டினால் மேலே ஒன்று கொண்டுபோவதைப் போல, அதுவும் கணக்கு செய்யும் முறையின் ஒரு பகுதி.

ஒன்பதரைக்கெல்லாம் புரோகிராம் ஓடியது. ஒரு சிவப்பு வரி இல்லை. கேள்வியின் கீழே கொடுத்திருந்த மாதிரித் தரவைப் போட்டுப் பார்த்தாள். கமலா: 6, 7, 5. விடை, முழு நாள் என்றிருக்க வேண்டும்.

திரை அரை நாள் என்றது.

இன்னொருமுறை போட்டாள். அரை நாள்.

கை அழிக்கும் விசைப் பக்கம் போனது. போய்த் திரும்பியது. கண்ணால் பார்க்கத் தொடங்கினாள். பதினெட்டுக்கு மேல் என்பதோடு ‘சமம்’ போட மறந்தேனா? போட்டிருந்தது. லூப் மூன்று தடவை சுற்றுகிறதா, இரண்டா? ஒவ்வொரு சுற்றையும் அச்சிடச் சொல்லிப் பார்த்தாள். மூன்றுதான். முந்திய ஆளின் கூட்டுத்தொகையைப் பூச்சியமாக்காமல் விட்டேனா? இல்லை. எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். சிவப்பு வந்திருந்தால் வரி இலக்கமாவது சொல்லியிருக்கும். இது ஒன்றும் சொல்லாமல், பிழை எதுவுமே இல்லாததுபோல ஓடி, பிழையான விடையைத் தந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த பையன் இரண்டாம் கேள்விக்குத் தாளைத் திருப்பினான்.

சரி, கையால் செய்து பார்ப்போம் என்று கிறுக்கல் தாளை எடுத்தாள். கமலாவின் எடைகளை எழுதினாள்: ஐந்து, ஆறு, நான்கு. கூட்டினாள். பதினைந்து. அரை நாள். புரோகிராமும் அதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் பிழை தன்னிடம் இல்லை, கேள்வித்தாளில். அவளுக்கு மூச்சு வந்தது. கை உயர்த்தினாள்.

முஹ்ஸின் வந்து குனிந்தார். “என்ன?”

“சேர், கேள்வியில பிழை இருக்கு சேர். கமலாவுக்கு அரை நாள்தான் வரணும். முழு நாள்னு போட்டிருக்காங்க.”

“அரை நாளா?”

“பதினஞ்சுதானே சேர் வருது.”

அவர் கேள்வித்தாளைப் பார்த்தார். கிறுக்கல் தாளைப் பார்த்தார். அவளுடைய முகத்தையும் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

“கேள்வித்தாள் சரி. இதுக்கு மேல நான் ஒண்டும் சொல்ல ஏலாது.”

போய்விட்டார். ஆனால் அடுத்த வரிசைக்கு அப்பால் போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

கேள்வித்தாள் சரி. சந்திரிகா விரலை வைத்து வாசித்தாள். தொழிலாளர்கள், மூன்று தடவை, நிறுக்கப்படுகிறது, மொத்தம். கழிவு எத்தனை கிலோ என்ற வரியை எங்கே விட்டேன் என்று தேடினாள். ஒரு தடவைக்கு ஒரு கிலோ இல்லாமல் இவர்கள் அரைக் கிலோ போட்டிருப்பார்களோ? பக்கத்தின் அடிவரை போனாள். மறுபடி மேலே வந்தாள். அப்படி ஒரு வரி இல்லை. மூன்றாம் முறையும் இல்லை.

கழிவே இல்லை.

ஆறும் ஏழும் ஐந்தும். பதினெட்டு.

அந்த நேரத்தைப் பற்றி அவள் பிறகு என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்: “எனக்கு மொதல்ல ஆத்திரம் வந்துச்சு. எம்மேல இல்ல. இந்தக் கேள்விய எழுதுனவங்க மேல. கொழுந்து நிறுக்குறதப் பத்தி எழுதுறாங்க, வெட்டுவாங்கன்னுகூடத் தெரியல. அப்புறம்தான் நெனச்சேன், ஏன் தெரியணும்? அவங்க எழுதுனதுதானே சரி. நிறுத்தா நிறுத்ததுதானே எழுதணும்.”

அந்த ஒரு வரியைத் தேர்ந்து நீல நிறமாக்கினாள். அழிக்கும் விசையில் விரல் இருந்தது. கழற்றிவிட்டால் சரிவருமா என்று அப்போதும் முழு நம்பிக்கை இல்லை. எடையில் எதுவுமே வெட்டாமல் ஒரு கணக்கு முடிவது அவளுக்குப் பாதியில் நிற்பது போலவே இருந்தது. அழுத்தினாள். ஓடவிட்டாள்.

கமலா, முழு நாள்.

மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. மாதிரியில் இருந்த மற்றவர்களும் பொருந்தினார்கள். ஒரு கிலோவும் பறிக்காத ஆள் வந்தால் என்ன ஆகும் என்று பூச்சியம் போட்டுப் பார்த்தாள். பெயர்ப் பட்டியலே வெறுமையாக இருந்தபோது புரோகிராம் நின்றுபோனது. அதைத் திருத்தினாள். மறுபடி ஒருமுறை விரல் வைத்து, கேள்வியில் சொல்லாத எதையும் தான் செய்யவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். இரண்டாம் கேள்வி பஸ் பயணச்சீட்டு. பாதி எழுதும்போது முஹ்ஸின் நேரம் முடிந்தது என்றார்.

கீழே றிஸானா இரண்டாவது தேநீரில் இருந்தாள். பரீட்சை முடித்து முதலில் இறங்கியவர்களிடம் கேள்வியை விசாரித்துவிட்டிருந்தாள்.

“கொழுந்துக் கேள்வியாமே! எழுபதும் உனக்குத்தான் எண்டு நான் இங்க ரோல்ஸ் எடுத்துத் திண்டுட்டன். எத்தினை மணிக்கு முடிச்ச?”

“பத்தரைக்கு.”

“என்னது? ஒரு லூப்புக்கு ஒண்டரை மணித்தியாலமா?”

சந்திரிகா நடந்ததைச் சொன்னாள். கை உயர்த்திய இடம் வந்தபோது றிஸானா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“ஆறும் ஏழும் அஞ்சும் பதினஞ்சு எண்டு முஹ்ஸின் சேருக்கிட்ட சொன்னியா? வாயால சொன்னியா?”

“சொன்னேன்.”

“யா அல்லாஹ்.” தலையை நிமிர்த்தியவள் தோழியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “உண்மையா வெட்டுவாங்களா? ஒவ்வொரு தரமும்?”

“ஒவ்வொரு தரமும்.”

“ஒரு நாளைக்கு மூணு கிலோவா?”

“நீதான்டி கணக்குல கெட்டிக்காரி, நீயே போட்டுப் பாரு.”

றிஸானா தட்டில் மிச்சமிருந்த ரோல்ஸை அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.

பிற்பகல் ஹேவாஹெட்ட பஸ்ஸில் நின்றபடி சந்திரிகா வீட்டுக்குப் போன் எடுத்தாள். பாப்பம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து போட்டுவிட்டு வந்திருந்தார்.

“என்னா ஆச்சு? பரீட்ச எழுதுனியா?”

“எழுதுனேன்மா. கொழுந்துக் கணக்குதான் வந்துச்சு.”

“அட! அப்ப லேசாத்தான் இருந்திருக்கும்.”

“இல்லம்மா. அந்தக் கணக்குல கழிவே கெடையாது. முள்ளு காட்டுறத அப்புடியே எழுதுறாங்க.”

பாப்பம்மா பக்கத்தில் நின்றவர்களிடம் அதை அப்படியே சொன்னார்.

“எந்தத் தோட்டம் அது?”

“தோட்டம் இல்லம்மா, கேள்வி.”

“கேள்வின்னாலும் ஒரு ஊரு பேரு இருக்கும்ல? ஆளு எடுக்குறாங்களான்னு கேட்டுச் சொல்லு, நாங்க நாலு பேரு வாறோம்.”

பாப்பம்மாவுக்குப் பின்னால் லயத்து வாசலில் யாரோ பெரிதாகச் சிரிப்பது பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சந்திரிகாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, இந்தத் தடவையும் தவறினால் அம்மா மலையில் என்ன சொல்லுவார் என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. தலாத்துஓயாவில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை.

முடிவு வரும்வரை அவள் கல்லூரிப் பக்கம் போகவில்லை. நகரில் ஒரு புடவைக் கடையில் தற்காலிகமாக விற்பனைக்கு நின்றாள். பெரஹரா ஊர்வல நாள்களில், அதைப் பார்க்க வீதியோரம் பாய் விரித்து உட்கார்ந்த கூட்டத்தைக் கடந்து கடைக்கு வந்து போனாள். செப்டெம்பர் கடைசியில், வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து றிஸானாவின் அழைப்பு வந்தது. முதற் கேள்வியில் ஐந்து சோதனையில் நான்கு சரி. இரண்டாம் கேள்வியில் ஒன்றுமில்லை. மொத்தம் ஐம்பத்தாறு, சித்தி.

இரண்டாம் வருட வகுப்புகள் ஒக்டோபர் ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆரம்பம். முதற் பாடம் தரவுத்தளம்.